பச்சைப் பொத்தானில் ஸ்தோத்திரம்

இப்போது காலையில் பல் தேய்க்க எனக்கு அலுப்பாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால், பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கிவிட்டு, அதை வாய்வரைக்கும் கொண்டுபோகத் தெம்பில்லாமல் கழுவி வைத்துவிட்டு மறுபடி வந்து படுத்தவன் நான். வயது இருபத்தாறு. காய்ச்சல் கிடையாது, அடிபடவில்லை, காதல் தோல்வியும் இல்லை. இதை எழுதச் சொன்னது பெனிட்டா. "நீ எழுதுனா மத்த பிள்ளைங்க படிக்கும்லா சாம்" என்றாள். இன்னும் எனக்குச் சீக்கிரமே களைப்பு வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. அங்கங்கே தொங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் நாசரேத். வேலை தூத்துக்குடியில், கப்பலேறும் சரக்குக்கெல்லாம் காகித வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் அப்பா மட்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெனிட்டா என்னோடு படித்தவள், இப்போது ஊரில் கணக்கு டீச்சர். நாங்கள் இரண்டு பேரும்தான் சபையின் வாலிபர் ஐக்கியத்தைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தோம். இழுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாலிபர்கள் யாரும் ஊரில் இல்லை. சென்னை, பெங்களூரு, துபாய் என்று சிதறிக் கிடந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவர்களுக்காகத்தான் ஒரு ஆப் செய்தோம். பெங்களூரில் இருக்கும் எங்கள் ஐக்கியத்துப் பையன் ஒருத்தன் எழுதிக் கொடுத்தான். பெயர் 'சுகமா'. காலையில் திறந்தால் ஒரு பைபிள் வசனம் வரும். பிறகு ஒரு மணி அடிக்கும். இரண்டு நிமிஷம் கண்ணை மூடி, மூச்சு போய்வருவதைக் கவனித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஜெபிக்கிறவர்கள் ஜெபிக்கலாம். மறுபடி மணி. அப்புறம் திரையில் 'சுகமா?' என்று கேட்கும். பதிலுக்கு மூன்று பொத்தான். சிவப்பு என்றால் 'கூப்பிடுங்க'. மஞ்சள் என்றால் 'ஜெபிச்சுக்கோங்க'. பச்சையில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை வந்தது.

'நல்லா இருக்கேன்' என்று போடலாம் என்றாள் பெனிட்டா. நான் விடவில்லை. "நீ எந்த ஊர்க்காரிளா? சுகமான்னு கேட்டா நம்மாளு எவன் நல்லா இருக்கேன்னு சொல்லுதான்? ஸ்தோத்திரம்னுல்லா சொல்லுவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தோத்திரம் என்றே போட்டோம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்தோத்திரம் என்றால் கடவுளுக்குத் துதி. எங்கள் ஊரில் அதுதான் வணக்கம், அதுதான் நன்றி, போய்வருகிறேன் என்பதும் அதுதான். சுகமா என்று கேட்டால் காலில் மாவுக்கட்டுப் போட்டிருப்பவரும் ஸ்தோத்திரம் என்பார். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், வாசலில் கையைப் பிடித்து விசாரித்த ஒவ்வொருவரிடமும் அப்பா ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அழவில்லை. மறுநாள் காலையில் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அதில் சீனி இல்லை, அது அவருக்கும் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆப் நன்றாகத்தான் ஓடியது. தினமும் அழுத்தினால் அந்த மாதத்துக் கட்டங்கள் வரிசையாகப் பச்சையாகும். ஒன்றரை வருஷத்தில் சிவப்பை அழுத்தியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எனக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்தது. அதனால் ஒரு விதி போட்டேன். யாராவது மூன்று நாள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை என்றால் பெனிட்டாவின் போனில் மணி அடிக்கும். உடனே கிட்டத்தில் இருக்கிற ஆள் ஒருத்தர் நேரில் போக வேண்டும். போனில் விசாரிக்கக் கூடாது, போனிலும் ஸ்தோத்திரம்தான் சொல்லுவான். நான் போட்ட விதி அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நோய் எப்போது வந்தது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. முதலில் தூக்கம் போனது. அப்புறம் பசி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருப்பேன், பாட்டு காதில் விழும், உள்ளே எதுவும் அசையாது. ஆப்பில் மணி அடித்தால் கண்ணை மூடுவேன். அந்த இரண்டு நிமிஷமும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும். மறுபடி மணி. ஆபீஸ் பஸ்ஸில் நின்றபடி பச்சையை அழுத்திவிடுவேன். சிவப்பை அழுத்துவதா? ஆப் நடத்துகிறவனே சிவப்பு அழுத்தினால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? அப்படி நினைத்தே ஏழெட்டு மாதம் ஓட்டினேன்.

வேலையில் குளறுபடி வந்த பிறகுதான் எனக்கே பயம் தட்டியது. கன்டெய்னர் எண்ணில் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் காவலுக்கு. முன்னால் ஒரு இலக்கம் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது, கம்ப்யூட்டர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் பட்டியலில் ஒரு வரி கீழே இருந்த பெட்டியின் எண்ணை எடுத்துப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை. எண் சரி, பெட்டிதான் வேறு. துறைமுக வாசலில் லாரி அரை நாள் நின்றது. டிரைவர் போனில் சத்தம் போட்டார், சரிசெய்ய நானே தாளோடு ஓடினேன். வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே மடங்கி விழுந்தேன்.

கண் விழித்தது ஆஸ்பத்திரியில். முதல் மூன்று நாள் பொது மருத்துவப் பிரிவு. ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, ஈரல், சிறுநீரகம். நெஞ்சுக்கு ஈ.சி.ஜி., தலைக்கு ஸ்கேன். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், ஒரு நடையில் காக்க வைப்பார்கள், பெயர் கூப்பிடுவார்கள், தள்ளிக்கொண்டு வருவார்கள். காத்திருப்பதிலேயே ஒருவனுக்கு ஆயுசு போய்விடும். எல்லாத் தாளும் ஒரே மாதிரி வந்தன. "எல்லாம் நார்மல்" என்றார் சின்ன டாக்டர், நல்ல செய்தி சொல்லுகிற முகத்தோடு. எனக்கு அழுகையாக வந்தது. ஏதாவது ஒன்று கெட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

முதல் நாளே அப்பா வந்துவிட்டார். ஒரு பை, ஒரு பிளாஸ்க், சுருட்டிய பாய். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டார். அவருக்குச் சமையல் வராது, பாசத்தைப் பேச்சிலும் காட்ட வராது. ஆரஞ்சை உரித்து, வெள்ளை நார் ஒன்றுகூட இல்லாமல் எடுத்து, சுளை சுளையாகப் பிளாஸ்க் மூடியில் அடுக்கி வைப்பார். அலுவலகத்தில் தாள் அடுக்கிய கை. நான் தொடாவிட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் வேறொன்றை உரிப்பார்.

நாலாம் நாள் என்னை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாசலில் இருந்த பலகையைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். "இங்கனயா?" என்று ஊழியரிடம் கேட்டார். "ஆமா." பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

டாக்டரம்மா பெயர் நஃபீசா. ஒல்லியான ஆள், குரல் மட்டும் கனம். "எப்படி இருக்கீங்க சாமுவேல்?" என்றார்.

"ஸ்தோத்திரம் டாக்டர்."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "எனக்குக் காயல்பட்டினம். எங்க வீட்ல சுகமான்னு கேட்டா அல்ஹம்துலில்லாஹ்ம்பாங்க. எங்க மாமா நெஞ்சுவலில வேர்த்து ஊத்தும்போதும் அதைத்தான் சொன்னாங்க. ரெண்டுமே நல்ல வார்த்தை. ஆனா அது ஆண்டவனுக்குச் சொல்ற பதில். எனக்குன்னு ஒரு பதில் சொல்லுங்க."

நான் போர்வை ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் இல்லை, எத்தனை நாள் எதிலும் பிடிப்பில்லை, நம்மால் ஒன்றுக்கும் பிரயோஜனமில்லை என்று எத்தனை நாள் தோன்றியது. எல்லாவற்றுக்கும் "தினமும்" என்றேன். கடைசியில், "செத்துப்போயிறலாம்னு தோணுச்சா?" என்று கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி சாதாரணமாக. "நானா எதுவும் செய்யணும்னு இல்ல. காலையில முழிக்காம இருந்தா நல்லாருக்கும்னு இருக்கு" என்றேன். அவர் திடுக்கிடவில்லை. தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அதை ஒரு மனுஷரிடம் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

நோயின் பெயர் மனச்சோர்வு. சோர்வு என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிற சோர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளையில் தூக்கம், பசி, ஆசை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு கெட்டுப்போகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். முதலில் வயிற்றைப் புரட்டும், வாய் உலரும். நடுவில் நிறுத்திவிடக் கூடாது. இவ்வளவுதான், ஆனால் அந்த இரண்டு வாரம் மலை மாதிரி.

அப்பா மெதுவாகக் கேட்டார். "விசுவாசக் குறைவுனால வாரதாம்மா இது?"

"சர்க்கரை வந்தா இப்படிக் கேப்பீங்களா அப்பா?"

"கேக்க மாட்டேன்."

"அப்ப இதுக்கும் கேக்காதீங்க. ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் குடுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்க நிக்காது. சரி, நீங்க எப்படி இருக்கீங்க?"

"ஸ்தோத்திரம்மா" என்றார் அப்பா. டாக்டரம்மா அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

விழுந்த அன்று ராத்திரியே என் போனைக் கொஞ்ச நாளைக்கு அப்பாவிடம் கொடுத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். தூங்காமல் திரையைத் தள்ளிக்கொண்டே கிடந்ததால் அந்த ஏற்பாடு. கொடுத்துவிட்டேன். இந்தப் பிரிவுக்கு வந்ததும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது, அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. விழுந்த நாளிலிருந்து நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. அப்படியென்றால் பெனிட்டாவுக்கு மணி அடித்திருக்கும். இன்றோ நாளையோ ஆள் வரும். எனக்காக நான் சிவப்பு அழுத்த வேண்டாம், விதி என் சார்பில் அழுத்திக்கொள்ளும்.

நான் காத்திருக்க ஆரம்பித்தேன். பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு முதல் ஆறு. கதவைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன். அஞ்சாம் நாள் யாரும் வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை. அடுத்த கட்டிலுக்கு ஆத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள், டப்பா நிறையச் சோறு, எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். ஏழாம் நாள் மழை, அதனால் வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் வெயில் அடித்தது.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மா அப்பாவையும் என்னையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினார். "இந்த வாரத்துல எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டார். மாத்திரையைச் சொல்ல வாய் எடுத்தேன், வேறு வந்தது. ஆப்பைப் பற்றி, விதியைப் பற்றி எல்லாம் கொட்டினேன். "மூணு நாளைக்கு அழுத்தலன்னா வரணும்னு நான்தான் டாக்டர் சொல்லிவச்சேன். ஒன்பது நாள் ஆச்சு. ஒருத்தர் வரல. எத்தனை பேரு வீட்டுக்கு நான் பஸ் ஏறிப் போயிருக்கேன்! எனக்குன்னா யாரும் இல்ல. நான் இல்லாட்டாலும் எவனுக்கும் தெரியப்போறதில்ல." சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். மாதக் கணக்கில் அடைத்துக் கிடந்த அழுகை.

அப்பா எழுந்து வெளியே போனார். பார்வையாளர் நேரம் முடிகிறவரை வரவில்லை. திரும்பி வந்தவர் ஆரஞ்சு உரிக்கவில்லை, பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பெனிட்டா வந்து நின்றாள். பள்ளிக்கூடச் சேலை, கையில் ஹெல்மெட், மூச்சு வாங்கியது. பார்வையாளர் நேரமில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறாள்.

"ஏலே, என்ன ஆச்சு ஒனக்கு? காலையில சிவப்பு வந்துச்சு. கூப்பிட்டேன், அங்கிள் எடுத்தாங்க. ஆஸ்பத்திரி பேரச் சொல்லிட்டு வச்சுட்டாங்க."

"எத்தனை நாள் கழிச்சு வார!" என்றேன். குரலில் விஷம் இருந்திருக்கும்.

அவளுக்குப் புரியவில்லை. "நேத்து வரைக்கும் தெனமும் பச்சை போட்டிருக்கியேலே. ஒரு நாள் விடல. இன்னைக்குத்தான் சிவப்பு."

நான் போனையே பார்க்கவில்லையே என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்தினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தோம்.

ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சட்டைப்பையில் என் போன். அதைத் திறக்கும் எண் அம்மாவின் பிறந்த நாள், அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான்தான்" என்றார். "அந்தக் கட்டம் எல்லாம் வரிசையாப் பச்சையா இருந்துச்சு. நீ கெடையில விழுந்த நேரம் அது அறுந்துரக் கூடாதேன்னு, காலையில எந்திச்சதும் அழுத்திருவேன். அதுல ஸ்தோத்திரம்னுதான போட்டிருக்கு? என் பிள்ளைக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்லுததுல என்ன தப்புன்னு நெனச்சேன்." போனை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "ஊருக்குத் தெரியண்டாம்னும் நெனச்சேன். மகன்கூட கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்னுதான் ஊர்ல சொல்லிட்டு வந்தேன். அதையும் மறைக்கல."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர். ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைகளின் பட்டியலைப் பரிசளிப்பு விழாவுக்கு எழுதிக் கொடுத்தவர். என்னை ஆப்சென்ட் போட அவருக்குக் கை வரவில்லை. பெனிட்டாவின் போன் வாயே திறக்கவில்லை. குறி சரி, ஆள்தான் வேறு. கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. பச்சையில் அந்த வார்த்தையைப் போட்டவன் நான்.

"நேத்து நீ அழுதத கேட்டப்புறம் அத அழுத்த மனசு வரல" என்றார். "சும்மா விட்டாலும் மூணு நாள் ஆவும். அதுவரைக்கும் நீ கதவப் பாத்துக்கிட்டே கெடக்கணும். அதான் சிவப்ப அழுத்துனேன்."

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் கேட்பதையே அவளும் கேட்டாள். "நீங்க சுகமா இருக்கீங்களா அங்கிள்?"

அப்பாவின் வாய் வழக்கம்போலத் திறந்தது. முதல் எழுத்துக்குப் பல்லோடு பல் சேர்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அது வரவில்லை.

"இல்லம்மா" என்றார். "நல்லா இல்ல. இவங்க அம்மா போனதுலேருந்தே நல்லா இல்ல." சொல்லிவிட்டு என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மூன்று வருஷத்து அழுகையை அழுதார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மூடியில் பழைய ஆரஞ்சுச் சுளை இரண்டு இருந்தது. ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். பெனிட்டா ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து கேள்வித் தாளைப் படித்தது அப்பாவுக்கு.

பதினாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சாம்பாரில் உப்பு குறைவு என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் மாத்திரை வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஆப்பில் இப்போது பச்சையில் 'இன்னைக்குப் பரவாயில்ல' என்று இருக்கிறது. ஸ்தோத்திரத்தை எடுத்துவிடவில்லை. மூன்று பொத்தானுக்கும் கீழே, தனியாக வைத்திருக்கிறோம், சிவப்பு அழுத்துகிறவனும் அதைச் சொல்லிக்கொள்ளலாம். இப்போது மஞ்சளும் சிவப்பும் நிறைய விழுகின்றன. முன்னைவிட எங்களுக்கு அலைச்சல் அதிகம். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் அழுத்தினால் எந்தக் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்காது, அதனால் மூன்று நாள் என்றில்லாமல் மாதத்துக்கு ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்துவிடுகிறோம்.

வாலிபர் ஐக்கியத்தில் அறுபத்திரண்டு வயதில் ஓர் உறுப்பினர் சேர்ந்திருக்கிறார். அவர் போனில் அவரே அழுத்துகிறார், தினமும் காலை அஞ்சு பத்துக்கு. மணி அடித்துக் கண் மூடுகிற இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுகிறேன் என்று புகார் வேறு.

இன்று காலை அவர் மஞ்சள் போட்டிருக்கிறார். ஏன் என்று எழுதவில்லை. நான் ஜெபித்தேன், பல் தேய்த்தேன். எட்டு மணி நாசரேத் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இதை இதோடு நிறுத்துகிறேன்.